ஒலிபெருக்கிக்கு எதிர்க்கடை

என் கடை நாள்காட்டியில் நான் தாள் கிழித்த நாட்கள் குறைவு. காலைப் பூசை முடித்து ரோட்டைத் தாண்டி வரும் ஃபாதர், டீ சொல்வதற்கு முன்னால் கையை நீட்டி அன்றைய தாளைக் கிழித்துவிடுவார்.

"ஏனுங்க ஃபாதர், நேத்தையதத்தானுங்க கிழிக்கோணும். இன்னைக்குத் தாளக் கிழிச்சிட்டா ராகு காலத்துக்கு நான் எங்கீங்க போறது?" என்று கத்துவேன்.

"கடையத் தொறந்து டீயும் போட்டாச்சு. இனி ராகுவே வந்தாலும் ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போவாரு, உடுங்க" என்பார்.

அந்தத் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் எழுதத்தான் அவருக்கு அது வேண்டும். முன்பக்கம் சந்திராஷ்டமமும் சூலமும் பரிகாரமும், பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். அப்படி எத்தனை தாள்களை மடித்து அங்கிப் பையில் வைத்திருந்தாரோ தெரியாது. பேனாவும் என்னுடையதுதான். அதைத் திருப்பித் தந்ததே இல்லை.

போன மாதம், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தீப்பெட்டி வாங்க வந்தார். ஃபாதர் இறந்துவிட்டாராம். மலைக்குக் கீழே மாற்றலாகிப் போன பங்குக் கோயிலில், காலைப் பூசைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லையாம். அடக்கமும் முடிந்து நான்கு நாளாகிவிட்டது என்றார். நான் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். "நல்ல மனுசன்" என்றுகூடச் சொன்னேன். அவர் போனபிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஃபாதரிடம் சேர்க்க வேண்டிய வார்த்தை ஒன்று என்னிடம் இருந்தது. என் மனைவி சரசு சாவதற்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போனது. அதை நான் சேர்க்கவில்லை. அந்த வார்த்தையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம்தான். ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரியாமல் படிப்பவருக்கு என் தப்பின் எடை தெரியாது.

நான் கிறிஸ்தவன் இல்லை. அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து வைத்த கடை இது. கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடை, கடைக்குப் பின்னால் வீடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில். கடையில் மளிகை, டீ, மழை நாளில் போண்டா. மாரியம்மன் படத்துக்குக் காலையில் ஊதுபத்தி கொளுத்துவேன். எங்கள் பக்தி அவ்வளவுதான். சரசுவுக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஃபாதர் வந்த புதிதில் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமே இருக்காது. இங்கே திங்கட்கிழமை மண்டிக்குக் கேரட் போய்ச் சேர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டி, பொழுதோடு மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றியாக வேண்டும். பங்கு மக்களில் பாதிப்பேர் தோட்டத்தில் குனிந்திருப்பார்கள். முன்னால் இருந்த சாமியார்கள் அதற்காகத் திட்டுவார்கள். இவர் திட்டவில்லை. கோயில் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டினார். ஒன்று பள்ளத்தாக்கைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து. "அவங்க வர முடியலீன்னா பூச போகட்டுமுங்க, நடக்கத் தெரியாதா அதுக்கு?" என்றார். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். கேரட் தோட்டத்தில் இருந்தவர்கள், பூசையில் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ரோட்டைப் பார்த்த குழாய் நேராக என் கடையைப் பார்த்தது. அதனால், கோயிலுக்குள் கால் வைக்காமலே ஏழு வருஷம் அவருடைய பிரசங்கம் எல்லாம் நான் கேட்டிருக்கிறேன்.

குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாட ஆரம்பித்தால் என் கடை நாய் எழுந்து போய்விடும். சத்தியமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். பேச்சும் எங்கள் பேச்சுத்தான். வெள்ளை அங்கிக்கு மேலே சாயம் போன பச்சை ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, காலில் தோட்டக்காரர்கள் போடும் ரப்பர் பூட்ஸ். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு டீயில் மூன்று கரண்டி சர்க்கரை கேட்பார். நான் ஒன்று போட்டு மூன்று என்று பொய் சொல்வேன். குடித்துவிட்டு, "நாலு போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்பார்.

யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. "ஏனுங்க, இன்னைக்கு என்னங்க பாத்தீங்க?" சும்மா கேட்பதல்ல. பதில் வரும்வரை நிற்பார். முதலில் எல்லோரும் முழிப்போம். என்னத்தைப் பார்ப்பது, தினமும் பார்க்கிற மேகமும் தேயிலையும்தான். ஆனால் அவர் கேட்கப் போகிறார் என்று தெரிந்தபிறகு கண் தானாகவே எதையாவது தேட ஆரம்பித்துவிடும். நம்மிடமிருந்து வாங்கிய அதைத்தான் தாளில் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பேசுவார். பெயர் சொல்லமாட்டார். "நேத்து ஒருத்தரு சொன்னாருங்க" என்று தொடங்குவார். கடைசியில், "அங்கயும் இருந்திருக்காரு பாருங்க" என்று முடிப்பார். இருந்தது யார் என்று சொல்லமாட்டார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசியதுமில்லை.

கேரட் கழுவும் இடத்தில் பெண்கள் கவட்டை விழுந்த, இரண்டு காலாகப் பிரிந்து வளர்ந்த கேரட்டையெல்லாம் ஒதுக்கிப் போடுவார்கள். மண்டியில் அதை எடுக்கமாட்டார்கள். அவர்களே முந்தானையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். "நல்லதெல்லாம் மண்டிக்குப் போயிருது. கவட்டை விழுந்ததுதானுங்க கொழந்தைக வயித்துக்குப் போகுது. நாமளும் நெறைய பேரு கவட்டைதான். கவலைப்படாதீங்க." பள்ளத்தாக்கிலிருந்து சிரிப்புச் சத்தம் மேலே ஏறி வந்தது. அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு நானும் சிரித்தேன்.

இன்னொரு முறை பஸ் கண்டக்டர் ஒருவர் மாட்டினார். டியூட்டி முடிந்து ஓடிவரும் நர்சம்மா ஒருவருக்காகத் தினமும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் ஒரு நிமிஷம் நிற்பாராம். ஃபாதர் அதை ஒலிபெருக்கியில் விட்டார். அடுத்த வாரம் முழுக்க ஊரே அந்தக் கண்டக்டரைக் கை காட்டி நிறுத்தியது. "நர்சம்மாவுக்கு மட்டுந்தான் நிப்பீங்களா? நாங்கெல்லாம் மனுசரில்லையா?" அந்த ஆள் என் கடைக்கு வந்து, "ஃபாதர்கிட்ட சொல்லுங்கண்ணா, இனி என்னைப் பாக்கவே வேண்டாம்னு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சரசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை இதுதான் பொழுதுபோக்கு. பிரசங்கம் தொடங்கியதும் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஈரக்கையோடு கடைக்கு வந்துவிடுவாள். "நேத்து ஒருத்தரு சொன்னாருங்க" என்று குழாயில் வந்ததும், "யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று என்னைக் கேட்பாள். நான் ஒரு பெயர் சொல்வேன். அவள் ஒரு பெயர் சொல்வாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஊரில் யார் எதற்கு அழுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஒரு தடவை அந்தப் பேச்சு தப்பாகப் போனதையும் நான் பார்த்தேன். சிலோனிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்த கிழவி ஒருத்தி, மகன் வேலைக்குப் போகாமல் கிடப்பதைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. அதைப் பெயரில்லாமல் அவர் பேசிவிட்டார். நல்லவிதமாகத்தான் பேசினார். மறுநாள் கிழவி என் கடை வாசலிலேயே அவரை நிறுத்தினாள். "சாமி, நான் ஒங்க காதுலதான் சொன்னேன். ஊரு காதுல இல்ல." ஃபாதர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஞாயிறு பைபிளிலிருந்து மட்டும் பேசினார். மூன்றாவது ஞாயிறு பழையபடி தொடங்கிவிட்டார். குடிகாரனுக்குக் குடி மாதிரி அவருக்கு அது. நல்லதைக் கண்டால் அவரால் சொல்லாமல் இருக்க முடியாது.

பிறகு சரசு படுத்தாள். வயிற்றில் புற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பார்த்துவிட்டு, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கடைச் சுவரைத் தாண்டி ரோடு தெரியும் ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னாள். போட்டேன்.

ஃபாதர் தினமும் வந்தார். நான் கடையைப் பார்க்கப் போகும் நேரத்தில் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பூண்டு உரிப்பார். ஒரு பல்லைக்கூட முழுசாக உரிக்கத் தெரியாது. பாதி தோலோடு போகும். சரசு படுத்தபடியே திட்டுவாள். "சாமி, உங்களுக்குப் பிரசங்கம்தான் வரும். அந்த முறத்த இங்க குடுங்க." ஒருநாள், "எனக்கு ஜெபமெல்லாம் பண்ண மாட்டீங்களா சாமி?" என்று கேட்டாள். "நான் பூண்டு உரிக்க வந்தவனுங்க. ஜெபத்துக்கு வேற ஆளப் பாருங்க" என்றார். வலியோடு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் சிரித்திருக்கலாம். நான் பார்க்கும் நிலையில் இல்லை.

ஐப்பசி மழையில் வலி முற்றியது. மாத்திரை ஒரு மணி நேரம்தான் நிற்கும். நான் வாரக்கணக்கில் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. ஒருநாள் விடியற்காலை, பால் வண்டி வருகிற நேரம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குள் வந்து மாரியம்மன் படத்தின் முன்னால் நின்று, "ஆத்தா, இவளக் கொண்டு போயிரு. இன்னைக்கே கொண்டு போயிரு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். சொன்ன வாயைக் கையால் மூடிக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள். அவளுக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே பயம்.

மனசு தாங்காமல் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். கடை வாசலில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு. அவர் என் தோளில் கை வைத்தார். போகும்போது நாள்காட்டியில் மறுநாள் தாளையும் கிழித்தார். நான் அதைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் கிழிக்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சரசுவைக் காரில் கோயமுத்தூர் கூட்டிப்போய், அவள் அண்ணன் வீட்டில் தங்கி, திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டி வலிக்கு வேறு மருந்து கேட்பதாக ஏற்பாடு. ஃபாதருக்கும் தெரியும். விடியும்போது டிரைவர் போன் பண்ணினார். மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டதாம், வர முடியாதாம். சரி என்று விட்டுவிட்டோம். கடையைத் திறக்கவும் எனக்குத் தெம்பில்லை. ஷட்டர் இறக்கியபடியே கிடந்தது. பூசைக்குப் போன ஃபாதர் அந்த ஷட்டரைப் பார்த்துவிட்டு நாங்கள் மலை இறங்கிவிட்டோம் என்று முடிவு செய்துகொண்டார். இது பின்னால் உபதேசியார் சொல்லி எனக்குத் தெரிந்தது.

அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். குழாயில் கரகரப்பு, பிறகு அவர் குரல்.

"நேத்து ஒருத்தரு எங்கிட்டச் சொன்னாருங்க. அவரு சம்சாரம் படுத்த படுக்கையா இருக்காங்க. அந்தம்மா படற வலியப் பாக்க மாட்டாம, 'சாமி, இவளக் கொண்டு போயிரு'ன்னு வேண்டிக்கிட்டாராம்."

கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.

"சாத்தாதீங்க" என்றாள் சரசு.

"கொல பண்ணிட்டவரு மாதிரி என் முன்னால நின்னாருங்க. நான் சொல்றேன், நாளைக்கு எனக்கு யாருமில்லாமப் போனாலும் போகட்டும், இவளுக்கு வலி நின்னாப் போதும்னு ஒரு மனுசன் கேக்கறானே, அதுக்கு மேல ஒரு அன்ப நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்லீங்க. அங்கயும் இருந்திருக்காரு பாருங்க."

சரசு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று அவள் கேட்கவில்லை.

நான் அங்கே உட்காரவில்லை. முன்னால் போய்க் கடை இருட்டில் நின்று, கோயிலில் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஷட்டரைத் தூக்கினேன். பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த ஃபாதர் ஷட்டர் சத்தம் கேட்டுத் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பூசை உடுப்பைக் கழற்றாமல் அப்படியே ரோட்டில் இறங்கி ஓடி வந்தார்.

"நீங்க... கோயமுத்தூர் போகலீங்களா?"

"எம்பட ஊட்டுப் படி இனி ஏறாதீங்க" என்றேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "உங்க சாமி எங்கெங்க இருந்தாரோ இருக்கட்டும். எங்க ஊட்டுக்குள்ள அவரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் என் கோபம் முழுக்க அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கல்ல. இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன அந்த அன்பு என்னிடம் இல்லை. அவள் வலி நிற்க வேண்டும் என்று மட்டுமா நான் கேட்டேன்? எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு முழுத் தூக்கம். அதற்காகவும் கேட்டேன். அதைப் போய் அந்த மனுஷர் உலகத்திலேயே பெரிய அன்பு என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். முடி கொட்டி முளைத்த குட்டை முடி, சீவ ஒன்றுமில்லை. சீவினால் அவளுக்கு இதமாக இருக்கும்.

"ஏனுங்க, நானும் அதையேதானுங்க கேட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

நான் சீப்பை நிறுத்தினேன்.

"தெனமும் கேட்டேன். என்னைக் கொண்டு போயிருன்னு. உங்ககிட்டச் சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு வாயத் தொறக்கல. நான் மட்டும் ஒத்தையாக் கேட்டுட்டு இருக்கறனேன்னு இருந்துச்சு. நீங்களும் கேட்டீங்கன்னு தெரிஞ்சதும்தான் மனசு பாரம் எறங்குச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "சாமி சொல்லலீன்னா எனக்குத் தெரியாமயே போயிருக்கும். அவரக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. நல்லதுதான் பண்ணுனீங்கன்னு எம்பட வாயால ஒரு வார்த்த சொல்லிப்போடறேன். பாவம், தப்புப் பண்ணிட்டம்னு மருகிட்டு இருப்பாரு."

"சரி" என்றேன்.

போகவில்லை. அவர் அந்த நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கோயில் மதிலோரம் நின்றுகொண்டுதான் இருந்தார். தினமும் காலையில் டீ நேரத்தில் வந்து நிற்பார். ரோட்டைத் தாண்டமாட்டார். கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போவார். அவள் படுத்த இடத்திலிருந்து ரோட்டின் ஒரு துண்டுதான் தெரியும். மதில் தெரியாது.

வியாழக்கிழமை கேட்டாள், "சாமிகிட்டச் சொன்னீங்களா?"

"அவரு ஊர்ல இல்ல. சொந்த ஊரு சத்திக்குப் போயிருக்காராம்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். எனக்கு வலித்தது அவருக்கும் கொஞ்ச நாள் வலிக்கட்டும் என்று நினைத்தேன். நாட்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழாயை நான் மறந்தே போய்விட்டேன். கரகரவென்று சத்தம் வந்து, அவர் குரல் வீடு முழுக்க வந்தது. பைபிள் வாசகத்தைப் படித்தார். "நேத்து ஒருத்தரு" இல்லை. ஒன்றுமில்லை. படித்துவிட்டு நிறுத்திவிட்டார். சரசு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வந்துட்டாராட்ட இருக்குது" என்றாள்.

நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். எனக்கு ஒரு வழி விட்டாள்.

"ஆமா. நாளைக்குக் கூப்புடறேன்" என்றேன்.

மறுநாள் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்ப்பாள், மூடுவாள். வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். பாடை கிளம்பும்போது ஃபாதர் குல்லா இல்லாமல் மழையில் மதிலோரம் நின்றார். எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனபிறகு கடைசி ஆளாகப் பின்னால் நடந்து வந்தார். சுடுகாட்டு வளைவு வரை வந்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் வரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை போலும். நான் ஒரு கையசைத்திருந்தால் வந்திருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார். யாரையும் நிறுத்தி எதையும் கேட்பதில்லை. ஞாயிறு பிரசங்கம் அச்சடித்த புத்தகத்திலிருந்து வந்தது. விசுவாசம், தவம், ஒறுத்தல் என்று பெரிய பெரிய வார்த்தைகள். கேரட் கழுவும் பெண்கள் என் கடைக்கு வரும்போது, "சாமியாரு முன்ன மாதிரி பேசறதில்லீங்க. அந்தக் கொழாய நிறுத்துனாக்கூடத் தேவல" என்றார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷர் பார்க்கப் பயந்துவிட்டார். பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்துவிட்டார். அந்தப் பயத்தை அவிழ்த்துவிடும் வார்த்தை என்னிடம் இருந்தது. சரசு உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டியது. அவள் போன மறுநாளாவது கொடுத்திருக்கலாம். அவள் போனபிறகு என்னிடம் மிச்சமிருந்தது கோபம் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பது? என் மனசு அப்படி ஓடியது. சரியென்று சொல்லவில்லை. அப்படித்தான் ஓடியது.

பிஷப் மாற்றல் உத்தரவு போட்டார். சாமியார்களுக்கு அது வழக்கம்தான். கிளம்பும் நாள் காலை பிக்கப் வண்டியில் இரண்டு பெட்டியும் ஒரு மெத்தையும் ஏற்றிவிட்டு, ஃபாதர் ரோட்டைத் தாண்டி வந்தார். படி ஏறவில்லை. நான் ஏறாதே என்று சொன்ன படி. கீழேயே நின்றார். மெலிந்திருந்தார்.

"கெளம்பறேனுங்க."

"சரிங்க."

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். கை அங்கிப் பைக்குள் போனது. ஒன்றும் எடுக்கவில்லை. "அம்மா... கடைசியில என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

என் கையில் டீ வடிகட்டி இருந்தது. சரசு சொன்னது அத்தனையும், மூச்சு வாங்கின இடம்கூட மாறாமல், என் நாக்கின்மேல் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல ஆட்டினார். "சொல்லியிருக்க மாட்டாங்க. எப்படிச் சொல்லுவாங்க" என்றார். பிறகு, "உடம்பப் பாத்துக்கோங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். டிரைவர் மெத்தைக் கயிற்றை இறுக்கிக் கட்ட ஐந்து நிமிஷம் ஆனது. நானும் அந்த ஐந்து நிமிஷம் அங்கேதான் நின்றேன்.

உபதேசியார் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று எண்ணிப் பார்த்தேன். என் கடைப் படியிலிருந்து கோயில் மதில்வரை பதினெட்டு காலடி. முப்பத்தோரு வருஷத்தில் சரசு என்னிடம் சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்லிக்கூட அதிகம் கேட்டதில்லை. கடைசியாக ஒன்று கேட்டாள். ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.